குடைத்துணியும் லேசர் விளக்கும்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்ததும் முறுக்கிக்கொள்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தங்கச்சி விஷயம் சொல்லத்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். பாலிடெக்னிக்கில் சேர அவளுக்கு மதிப்பெண் போதவில்லை, உனக்கே தெரியும். சொந்தக் கையால் ஏதாவது செய்து எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டினால் இடம் தருகிறோம் என்றார்கள். கழுதை, ஒரு மாதமாக வீட்டை ரணகளமாக்கிவிட்டாள். சின்ன லேசர் விளக்கு, பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்பார்மர், தோட்ட விளக்கிலிருந்து பிடுங்கிய சோலார் தகடு, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். போனில் வரும் சத்தத்துக்கு ஏற்ப லேசர் வெளிச்சம் கூடிக் குறையுமாம், எதிரில் இருக்கும் தகடு அதைப் பிடித்து மறுபடி சத்தமாக்குமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சமையலறையிலிருந்து என் தையல் அறைக்குக் கம்பியே இல்லாமல் பாட்டு வந்தபோது விரலில் ஊசியைக் குத்திக்கொண்டேன். குறுக்கே கையை வைத்தால் பாட்டு நின்றுவிடும், அப்பா பத்துத் தடவை கையை வைத்து எடுத்து விளையாடினார்.

நேற்று பாலிடெக்னிக்குக்கு நானும் கூடப் போனேன். அங்கே ஓட்டியதும் கொர்ரென்று ஒரே இரைச்சல். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டே பார்த்துப் பழகியது எங்கள் முட்டாள்தனம். அந்தக் கூடத்தில் தலைக்கு மேல் பன்னிரண்டு டியூப்லைட், அந்த வெளிச்சமெல்லாம் தகட்டில் விழுந்து இரைகிறது. அணைக்கவும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அவள் ஓடிவந்து, "அம்மா, தகட்டைச் சுத்தி இருட்டா இருக்கணும், லேசர் வர வழி விட்டா போதும், கறுப்புத் துணி இருக்கா" என்றாள். கத்தரியும் ஊசி நூலும் இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? நீ வாங்கித் தந்த கறுப்புக் குடையை வெட்டி, சட்டைக் கை தைப்பதுபோல் குழாயாகத் தைத்து, குடைக் கம்பியையே வளைத்து உள்ளே கொடுத்தேன். ஏழே நிமிடம். குடைக்காகத் திட்டாதே. இரைச்சல் அடங்கியது. அவசரத்தில் அவள் போனில் கைக்கு வந்ததை அழுத்தினாள். மறுகோடி ஸ்பீக்கரில் உன் குரல்! "இதெல்லாம் விளையாட்டு சாமான், கொண்டுபோனா சிரிப்பாங்க, பேசாம ஒரு வேலைக்குப் போ" என்று நீ போன மாதம் அவளுக்குப் பேசி அனுப்பியதாம். எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாலிடெக்னிக் முதல்வர் அம்மா யார் இது என்று கேட்டார். என் பெண் தலை குனியவில்லை. "எங்க அண்ணன், மேடம். ஒரு வார்த்தை விடாம தெளிவா கேட்டுச்சா?" என்றாள். இடம் கொடுத்துவிட்டார்கள். பெருமையில் அவளை அங்கேயே கட்டிக்கொண்டேன்.

உன் மேல் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். இதை ஏண்டி அழிக்காமல் வைத்திருந்தாய் என்று வரும் வழியில் கேட்டேன். அதுக்கப்புறம் அண்ணன் எதுவும் பேசி அனுப்பலையே அம்மா, குரல் கேக்கணும்னா அது ஒண்ணுதான் இருக்கு என்றாள். அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய் நொடியில்லாமல் நீடூழி இரு, அப்பாவும் ஆசி சொல்கிறார். மறக்காமல் இன்றைக்கே, அவள் திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசி அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா