ஃபியோலாவின் கிணற்றுக்கு வைத்த நேர்த்தி

பெப்ரவரி 10, திங்கள்

மறுபடியும் பனி. வாசல் துப்பரவாக்க ஒரு மணித்தியாலம். 

எமிலுக்குக் காலை மாத்திரை நான்கு. கைப்பயிற்சி இருபது நிமிடம். இன்று அவர் பேசிய சொல் பதினொன்று. நேற்றுப் பதினாலு. குறைந்தால் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.

ஸ்டெபனி வேலை முடிந்து நேரே இங்கே வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டாள்.

"அம்மா, மே மாதம் எனக்கு எடின்பரோவில ரெண்டு நாள் கொன்ஃபரன்ஸ். நீங்களும் வாறீங்கள். டிக்கற் போட்டாச்சு. உங்கட புக்கில வாற கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"அப்பாவை ஆர் பாக்கிறது?"

"சித்தி ஒரு கிழமை லீவு எடுக்கிறா. ஆல்றெடி கேட்டாச்சு."

எல்லாம் முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொல்கிறாள். எமில் சோபாவில் இருந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஸ்கொட்லாந்து" என்றார். முழுதாக, இடையில் உடையாமல்.

பன்னிரண்டு என்று திருத்தி எழுதினேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

போகத்தான் வேண்டும். பிள்ளைக்குத் தெரியாது, நான் அங்கே போகக் கடமைப்பட்டவள் என்று.

இந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் என் நேர்த்திக்கடன்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஸ்டெபனி பிறந்ததற்கு மடு மாதாவுக்கு. தங்கச்சி றோசலினுடைய கனடாப் பேப்பர் சரிவந்ததற்கு அந்தோனியாருக்கு. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘தீர்ந்தது' என்று எழுதித் திகதி போட்டிருக்கிறேன். கடைசி ஒன்றுக்கு மட்டும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

2023 கார்த்திகையில் எமிலுக்கு ஸ்ட்ரோக். இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டி, ஏறுகிற சனம் முழுவதோடும் கதைத்துக் களைக்காத மனிசன். ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து நான் என் பழைய ஸ்கொட்லாந்துக் கதைப் புத்தகத்தைத்தான் வாசித்தேன். அதில் கதாநாயகி எல்ஸ்பெத்தின் புருசனைப் பகைவர் பிடித்துப் போகிறார்கள். அவள் அவனுடைய சட்டையில் ஒரு துண்டு கிழித்து, புனித ஃபியோலாவின் கிணற்றடி முள்மரத்தில் கட்டி, வெறுங்காலோடு மூன்று முறை சுற்றுகிறாள். பத்தாம் வருடம் அவன் திரும்பி வருகிறான்.

நானும் கேட்டேன். ‘ஃபியோலா அம்மா, இவருக்குப் பேச்சைத் தா. உன் திருநாளுக்கு வந்து நானும் கட்டுறன்' என்று. அம்புலன்ஸ்காரர் கத்தரித்த அவருடைய நீலச் சட்டையில் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து அதுதான் புத்தகத்துக்குள் அடையாளம்.

புத்தகத்தின்படி திருநாள் மே பதினான்கு. ஸ்டெபனி போட்ட டிக்கற் மே பத்திலிருந்து பதினேழு வரை. அவளாகப் போட்ட திகதியா அது?

பெப்ரவரி 19, புதன்

போக முன்னம் திரும்ப ஒருமுறை முழுதாக வாசித்துவிட வேண்டும். கிணறு கோட்டைக்கு எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம் எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம்தான் இல்லை. உடுப்பு மெஷின் ஓடும்போது கீழ்வீட்டுப் படியில் இருந்து நாலு பக்கம். முழங்கால் விறைக்கிறது.

ரொறன்ரோவில் அஜின்கோர்ட் நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களோடு கிடந்தது இது. ஸ்டெபனி அப்போது பாலர் வகுப்பு. எனக்கு இங்கிலிஷ் படிப்பித்தது இந்தப் புத்தகமும் ஒரு அகராதியும்தான். ஓரமெல்லாம் பென்சிலால் தமிழ். கடைசிச் சில தாள்கள் அப்போதே இல்லை. ஆனால் கதை முடிந்துவிட்டது, ஆகவே நான் தேடவில்லை.

எமில் முந்தி ஒரே நக்கல். "உந்தப் பாவாடை கட்டின ஆம்பிளையளில என்னத்தைக் கண்டீர்?" என்பார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். பேப்பரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினார். வேறு வழியில்லாமல் இதைத் தமிழாக்கி வாசித்தேன். முகத்தைத் திருப்பவில்லை.

ஏழாம் மாதம், முப்பத்தோராம் அதிகாரம் வந்தது. புருசன் திரும்பி வருகிற இடம். கட்டிப்பிடித்தல், முத்தம் எல்லாம் இருக்கிறது. அதை எப்படி வாயால் சொல்கிறது? நாலைந்து பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, "பிறகு ரெண்டு பேரும் செபமாலை சொல்லிப்போட்டுப் படுத்திச்சினம்" என்றேன்.

"பொய்."

அதுதான் அவருடைய முதல் சொல். நான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன் — விபூதிப் புதன்

ஒவ்வொரு தவசு காலமும் இந்தப் புத்தகத்தைத்தான் ஒறுத்து, வாசிக்காமல் விட்டேன். இந்த முறை நேர்த்திக்காக வாசிக்கிறேன் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். சீனியை ஒறுத்தாயிற்று. தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சொல் ஒன்பது. சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. படுக்கை விரிப்பு மூன்று முறை மாற்றினேன்.

ஒரு கிழமை ஒருவரையும் தூக்காமல் நித்திரை கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது பாவமா தெரியாது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 22, சனி

ஸ்டெபனி புதுப் புத்தகம் கொண்டுவந்தாள். அதே கதை, புது அட்டை. "அம்மா, உங்கட பழசு பிளேனிலயே உதிர்ந்து கொட்டுண்டு போயிடும்." நீலத் துண்டை இதற்குள் மாற்றி வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

புதுப் புத்தகத்தில் கதை முடிந்த பிறகும் ஆறு பக்கம் இருக்கிறது. எழுதினவ வாசகருக்கு எழுதின கடிதம்.

கோட்டை உண்மை என்கிறா. சண்டை உண்மை என்கிறா. பிறகு இந்த வரி. அகராதி தேவைப்படவில்லை. ‘புனித ஃபியோலாவும் அவருடைய கிணறும் முழுக்க என் கற்பனை. யாரும் தேடிப் போய் ஏமாற வேண்டாம்.'

நாலு தரம் வாசித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. நான் ஆரிட்டக் கேட்டனான்? ஆர் தந்தது? இல்லாத ஒருத்தியிட்டக் கேட்டு வாங்கினதை ஆர் வந்து திருப்பிக் கேப்பினம்? இவர் ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்து தேடுகிறபோதெல்லாம், போய்விட்டது, எடுத்துவிட்டார்கள் என்று நெஞ்சு பதைக்கிறது.

றோசலினுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். பிக்கரிங்கில் ரயிலுக்குக் காத்து நின்றவள், பிளாட்ஃபோம் முழுக்கக் கேட்கச் சிரித்தாள்.

"அக்கா, நீ கதைப் புத்தகத்துக்கு நேர்த்தி வைச்சனியே! நல்ல காலம், ஹீரோவுக்கு மெழுகுதிரி கொளுத்தேல்லை."

"சிரியாதை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்ன பயம்? அத்தான்ர வாயை ஆராலும் திருப்பி மூடேலாது. நாப்பது வரியம் ஒருதராலயும் ஏலேல்லை."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோனை வைத்த பிறகு அழுகை வந்தது.

ஏப்ரல் 5, சனி

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இருமினார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று நினைத்தேன். குரல் அப்படியில்லை.

"அம்மா, இது நீங்கள் பேரைப் பிழையா எழுதின கடிதம். ஆனா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்திட்டுது. தபால்காரன் அப்பிடி."

"அப்ப நேர்த்தி, ஃபாதர்?"

"அதிலயிருந்து உங்களை நான் விடுவிக்கிறன். அங்க போகவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. உங்கட மனுசனை இவ்வளவு காலம் பாக்கிறீங்கள், அது போதும்."

எழும்பி வந்தேன். பாரம் இறங்கியிருக்க வேண்டுமே?

ஏப்ரல் 6, ஞாயிறு

விடுவித்துவிட்டார். அப்படியென்றால் நான் ஏன் போகிறேன்?

ஏப்ரல் 9, புதன்

நேர்த்தி என்று இருந்தபோது ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை, எனக்கும்கூட. இப்போது போனால், ஆசைக்குப் போகிறேன். நடக்க முடியாத மனிசனை விட்டுவிட்டு இடிந்த கோட்டை பார்க்க. முப்பது வருடத்தில் நயாகராவுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன், மூன்று தரமும் ஊரிலிருந்து வந்த ஆட்களைக் காட்டப் போனது. எனக்காக என்று எங்கே போனேன்?

சொல் பதினாறு. அதில் இரண்டு பிழைச் சொல். செருப்பைக் கேட்கக் கரண்டி என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு — உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து றோசலினும் ஸ்டெபனியும் சாப்பிட வந்தார்கள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன், நான் வரவில்லை என்று.

ஸ்டெபனி கரண்டியை வைத்தாள். "ஏன்? நூறு தரம் வாசிச்ச புக். நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் அம்மா. உங்களுக்கு ஒண்டு வேணும் எண்டு சொல்லவே மாட்டீங்கள். பிறகு நாங்கள் கில்ற்றியா ஃபீல் பண்ண வேணும்."

"என்னடி கதைக்கிறாய்? நான் எப்ப உன்னை..."

"ஃபைட் பிடிக்கிறதெண்டா இறைச்சி ஆற முன்னம் சாப்பிட்டுட்டுப் பிடியுங்கோ," என்றாள் றோசலின். பிறகு அவளே எல்லாவற்றையும் உடைத்துவிட்டாள். கிணறு, துண்டு, ஃபாதர், முழுவதும். எமிலுக்கு முன்னால். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

எமில் சிரித்தார். ஒரு பக்க வாயால்தான், ஆனால் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு என் கையைத் தட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். 

"நீர்... முழுக்க... வாசிக்கேல்லை."

"என்னத்தை?"

"முப்பத்தொண்டு." கொஞ்சம் இளைத்தார். "போயிட்டு... வாரும். அங்கயிருந்து... வாசியும்."

ஸ்டெபனி முப்பத்தொன்றில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மே 9, வெள்ளி

றோசலினுக்கு எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டியவை: மாத்திரைப் பெட்டி நாள்வாரியாக. குளிக்க வார்க்கும்போது இடது பக்கம் பிடிக்க வேண்டும். சொல் தேடும்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது, பொறுத்திருக்க வேண்டும். சொற்கணக்கு எழுத வேண்டும்.

"இதையும் எண்ண வேணுமோ?" என்றாள். "சரி, நான் ஐம்பதுக்கு மேல போடுறன், உனக்குச் சந்தோசமா இருக்கும்."

பழைய புத்தகத்தைத்தான் எடுத்தேன். துண்டையும் அதற்குள் திரும்ப வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

மே 12, திங்கள். எடின்பரோ

ஸ்டெபனி கொன்ஃபரன்ஸுக்குப் போனாள். நான் ஹோட்டல் அறையில் பதினொரு மணித்தியாலம் நித்திரை. செபமும் சொல்லவில்லை.

மே 14, புதன்

ரயில், பிறகு ஸ்டெபனி வாடகைக்கு எடுத்த கார். கோட்டை புத்தகத்தில் இருப்பதில் காற்பங்குதான். கூரை இல்லை. எல்ஸ்பெத் இறங்கி வருகிற படிக்கட்டு பாதியில் நிற்கிறது. கிணறு என்று நான் குறித்து வைத்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மரம் ஒன்றுகூட இல்லை, கம்பிவேலியும் செம்மறியாடுகளும்தான். தெரிந்துதான் வந்தேன். என்றாலும் வேலி நீளத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்தேன்.

ஸ்டெபனி படம் எடுக்க மேலே ஏறினாள். அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஏரிப் பக்கம் ஆட்கள் இருக்கப் போட்ட ஒரு வாங்கு, முழுக்கத் தண்ணீர். கால் வலித்தது. கைப்பையில் வேறு துணி இல்லை. புத்தகத்துக்குள் இருந்த நீலத் துண்டை எடுத்து, வாங்கைத் துடைத்துவிட்டு இருந்தேன்.

இருந்த பிறகுதான் கையில் என்ன என்று பார்த்தேன்.

இங்கே பின்னேரம் மூன்று, ரொறன்ரோவில் காலை பத்து. எமில் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். ஃபோன் எடுத்தேன். றோசலின் அவருடைய காதடியில் வைத்தாள்.

முப்பத்தொன்றைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். முத்தம் வந்தது, சொன்னேன். காது சுட்டது. "அக்கா, பலமா வாசி, எனக்குக் கேக்கேல்லை," என்று பின்னால் அவள் சத்தம். எமிலின் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் அந்த இடம். புருசன் கேட்கிறான், பத்து வருடம் எப்படி இருந்தாய் என்று. எல்ஸ்பெத் காத்திருந்ததைப் பற்றியோ அன்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வரிதான் சொல்கிறாள். ஓரத்தில் என் பழைய பென்சில் எழுத்தும் இருக்கிறது. முத்தத்துக்காக மட்டுமா இத்தனை நாளும் இந்தப் பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினேன்?

வாசித்தேன். "நான் நல்லாக் களைச்சுப் போனன்."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.  அவர் சொல் தேடுகிறார் என்று தெரிந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு செம்மறி வேலிக்கு அருகில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

"தெரியும்," என்றார் எமில்.

மிச்சம் நாலு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். துண்டைப் பிழிந்து, பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய்த் தோய்க்க வேண்டும்.