ரேடியோப் புருஷன்

மார்ச் 6, வியாழன்

நேற்று சாம்பல் புதன். பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் போன். ரேடியோ ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆரோக்கிய ஜெனிபர். மாதக் கடைசியோடு மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்துகிறார்களாம், இனி எஃப்.எம். மட்டுமாம். கடைசி மாலையில் எங்கள் பழைய விவசாய நாடகம் ‘களத்துமேடு’ பத்து நிமிஷம் வேண்டுமாம். "கண்ணையனும் சின்னபொண்ணும் சண்டை போடாம எப்படி மேடம் முடிக்கிறது?"

சின்னபொண்ணு நான்தான், நிஜப் பெயர் லில்லி. வில்லியனூரில் டீச்சர் வேலையும் பார்த்துக்கொண்டு, இருபது வருஷம் மைக் முன்னால் யூரியா போடுவதற்கும் கரும்புச் சோகை கொளுத்துவதற்கும் நாடகப் புருஷனோடு மல்லுக்கு நின்றவள். கண்ணையனாகப் பேசியவர் செலியமேடு ஆதிமூலம் அண்ணன். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் எனக்கு ‘யோவ்’, அணைந்தால் ‘அண்ணே’.

சரி என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கொழுப்புதான்.

மார்ச் 7

தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் டோமினிக் இறந்த நாள் ஞாபகம். ‘நம் சின்னபொண்ணின் கணவர் காலமானார்’ என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கிருமாம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் ஜனம் மாலையோடு நேரே செலியமேட்டுக்குப் போய் இறங்கிவிட்டது. செத்துப்போனதாக அவர்கள் நினைத்த கண்ணையன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம்! அதே வேனில் ஏறி, மாலையோடு அத்தனை பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். டோமினிக் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

செலியமேடு போனேன். அண்ணனின் மனைவி செல்வகுமாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாரு வந்தாலும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாருக்கா. பேசப் பேசத்தான் பேச்சு வரும்னு டாக்டரு சொல்றாரு. இவரு வாயையே தொறக்கமாட்டேங்கிறாரு. இப்படியே வுட்டா ஒரேடியா போயிடுமாம்."

"அண்ணே" என்றேன். திரும்பவில்லை. ஸ்டேஷனில் கூப்பிடுவதைச் சொன்னேன். கையை மட்டும் ஆட்டினார், வேண்டாமாம்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! பாகூர் கொம்யூனில் ஊர் ஊராகக் கேட்ட குரல், இப்போது குழறினால் மானம் போய்விடுமா?

"யோவ்! நெல்லு சாஞ்சி கெடக்குது, நீ செவுத்தப் பாத்துக்கினு படுத்திருக்கியா? இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்கே?"

செல்வகுமாரி மிரண்டுவிட்டாள். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"இ... இன்னாடி."

குழறல்தான். ஆனாலும் அந்த இழுப்பு கண்ணையனுடையது. செல்வகுமாரி அழுதாள். நானும்.

மார்ச் 14

ஸ்கிரிப்ட் எழுதி முடித்தேன். பேச்செல்லாம் எனக்கு. அவருக்கு ‘இன்னாடி’, ‘ஆங்’, ‘சர்தான்’ – அவ்வளவே. படித்துக்காட்டினேன். தாளைப் பிடுங்கிக் கீழே போட்டார். போடட்டும்.

மார்ச் 26, புதன்

ஜெனிபர் கருவியோடு செலியமேட்டுக்கே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா வேற ஆளப் போட்டிருப்பே."

கருவியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பாவம், நல்ல பிள்ளை.

ஒலிப்பதிவில் முதல் ‘இன்னாடி’ சரியாக விழுந்தது. அடுத்ததற்குத் திணறினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஊர் கேட்டுவிடுமே என்று அதன் மேலேயே மளமளவென்று பேசிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் அவர் வாய் அசையும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டேன். முடிந்ததும் என்னை முறைத்தார்.

நன்றாக வந்திருக்கிறது என்றாள் ஜெனிபர்.

மார்ச் 31

கடைசி ஒலிபரப்பைக் கேட்டேன். முடிந்ததும் வெறும் இரைச்சல். ரேடியோவை அணைக்க மனசு வராமல் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓவென்று அழுகை வந்தது.

ஏப்ரல் 2

காலையில் குக்கர் வைத்த நேரம், செல்வகுமாரியின் நம்பரிலிருந்து போன். "இன்னாம்மா?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு அவர். சொல் சொல்லாக, நின்று நின்று –

"லில்லி... என்னிய... நீ... பேசவே... வுடல."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை, அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

குக்கர் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் திட்டி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.