முட்டிக்கு ஒன்றுமில்லை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதலாம்தான், பாதி சுகம் என்று வைத்துக்கொள். நீ அனுப்பிய முட்டிக்குப் போடும் பட்டை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது, அளவும் சரியாக இருக்கிறது, துணியும் மெத்தென்று இருக்கிறது, எதற்கு இதெல்லாம் என்று உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் முட்டிக்கு ஒன்றுமில்லை. போன இரண்டு கடிதத்திலும் முட்டி வலி, மேடு ஏற முடியவில்லை, அதனால்தான் பழைய கோல்ஃப் கிளப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் சமதரையாக இருக்கும் கிளப்பில் சேர்ந்தோம் என்று எழுதினேனே, அத்தனையும் பொய். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதடி. இன்றைக்கு உன்னிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் நிலம் அளந்தவர், கிளப்பிலும் அவருக்கு ஒரு இன்ச் என்றுதான் பேர். யாருமே பார்க்காத புதருக்குள் பந்து ஒரு விரற்கடை நகர்ந்ததற்குத் தானாகவே வந்து தன் கணக்கில் ஓர் அடி கூடப் போட்டுக்கொண்டு, குறைந்த அடிக்குத்தான் ஜெயம் என்பதால் கைக்கு வந்த கோப்பையை விட்டவர், அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அப்படிப்பட்ட மனிதர் போன வருஷத்திலிருந்து ஒரு குழிக்கு ஏழு அடி அடித்துவிட்டு ஐந்து என்கிறார். பத்தொன்பது வருஷமாக ஞாயிறு காலையில் அவர் அடிக் கணக்குக் கார்டை நானும் என் கார்டை அவரும் எழுதுகிறோம், மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிய கை என்னுடையது, எண்ணிக்கை தப்பாது. முதல் தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது வண்டியில், வயசான காலத்துல எதுக்குங்க இந்தத் திருட்டு வேலை என்று கேட்டேவிட்டேன். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிறகு நான் வாயைத் திறக்காமல் எண்ணியதை எழுதுவேன், அவர் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். மாதப் போட்டியில்தான் வினை வந்தது. அங்கே யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள், அப்பா கார்டைக் கிளப்பில் ஆடும் பல் டாக்டர் ஒருவர் எழுதினார். ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும் இடத்தில், நம்ம ஒரு இன்ச் இப்பல்லாம் மூணு அடியை அப்படியே முழுங்குறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், கூட நாலு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை நாலு நாலு பேராக ஆட வருகிறவர்கள் பேர் எழுதும், பலகையில் ஒட்டிய தாளில் அடுத்த வாரம் அப்பா பேருக்குக் கீழே மூன்று இடமும் காலி. அதற்கடுத்த வாரமும் காலி. மூன்றாம் வாரம் அந்தப் பலகைக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் என் பேரை எழுதினேன், மறுநாளே இருவருக்கும் விலகல் கடிதம் எழுதி லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரிடமும் முட்டி என்றுதான் சொன்னேன்.

புதுக் கிளப்பில் ஒன்பதே குழி, ஒரு பக்கம் சரக்குக் கிடங்குச் சுவர், லாரி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டும், புல்லும் சுமார்தான். இங்கே நம்மை யாருக்கும் தெரியாது, அது ஒன்றே போதும் என்று சேர்ந்தேன். செகரட்டரி அம்மா, அவங்கவங்க ஆட்டத் தரத்துக்கு ஹேண்டிகேப் போட ஆளுக்கு மூணு கார்டு வேணும், புருஷன் பொண்டாட்டி ஒருத்தர் கார்டை ஒருத்தர் எழுதக் கூடாது, இங்க அதுதான் ரூல் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவுக்குக் கார்டு எழுத வந்தவர் பஸ் ஓட்டி ரிடையரானவர், அதிகம் பேசாத ஆள். ஒன்பது குழியும் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி எந்தக் கிளப்புக்குப் போவது என்று அவரிடம் நாலு எட்டு நடப்பதற்குள் யோசித்துவிட்டேன் என்றால் பாரேன். அவர் சொன்னது இதுதான், தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, சார் ஏமாத்தலை, ஏமாத்துறவன் நாலுல போட்டதை ஆறுன்னு சொல்ல மாட்டான், இவர் ரெண்டு குழியில அப்படியும் சொல்றார், எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, டாக்டர்கிட்ட காட்டுங்க. நானும்தானே ஒரு வருஷமாகப் பக்கத்திலேயே நின்று எண்ணினேன், அவர் கூட்டிச் சொன்னபோதெல்லாம் ஏதோ நினைப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன், குறைத்துச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு திருட்டு என்றேன். பல் டாக்டர் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது.

பதினெட்டாம் தேதிக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பா என் முட்டிக்கு என்று நினைத்துத் துணைக்கு வருகிறார். என்ன சொல்லி அவரை நாற்காலியில் உட்கார வைப்பேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் நானே நினைவு வைத்து, நானே மறைத்து, நானே சிரித்துச் சமாளித்து, உடம்பை விட மனசு ஓய்ந்துபோய்விட்டது. இப்போது என் மட்டைப் பையையும் சேர்த்து அவர்தான் இழுத்துக்கொண்டு வருகிறார், என்னைத் தொட விடுவதில்லை. ஒவ்வொரு குழியிலும் நின்று, முட்டி எப்படி இருக்கு என்று கேட்கிறார். கேட்டதை மறந்துவிட்டுக் கேட்கிறாரா, மறக்காமல் கேட்கிறாரா, எனக்குப் புரியவில்லை. பரவாயில்லைங்க என்று ஒன்பது தடவையும் சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். குழந்தைக்கு எங்கள் இரண்டு பேருடைய முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் அப்பா இருக்கும்போது என் முட்டியை ஒரு வார்த்தை விசாரி, பட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். ஒவ்வொரு கடிதத்தையும், சிரமப்பட்டு லீவு போட்டு வராதே என்று எழுதித்தான் முடிப்பேன். இதில் அதை நான் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

உன்
அம்மா