ஐந்தாவது கம்பு

12-1-1996, வெள்ளி
சோட்டு, இன்றைக்கு உன் ஆபீஸ் பெரியவர் கிருஷ்ணஸ்வாமி சார் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இமயமலைப் பனியாற்றில் நீ அளந்து எழுதினது எல்லாம் தப்பாம். சாட்டிலைட்டில் இருக்கிற ரேடார் கணக்குப்படி அந்தப் பனி பத்து நாளைக்கு ஒரு மீட்டர்தான் நகருதாம். பனியில் நட்டு வைத்த கம்பெல்லாம் அதே பத்து நாளில் மூணு மீட்டர் கீழே வந்ததாக நீ எழுதியிருக்கியாம்.

"உங்க பையன் கம்பு பக்கமே போகலைம்மா. கூடாரத்துல உட்கார்ந்தே எழுதிட்டான். ரிப்போர்ட்ல அப்படித்தான் போடணும்."

நீ பனி வெடிப்பில் விழுந்து செத்து நாலு மாசம்கூட ஆகலை.

ஆண்டவர் மன்னிக்கணும், அப்படியும் நடந்திருக்கும்னு எனக்கே தோணிச்சு. ரேஷன் கடை மூடிட்டான்னு சொல்லிட்டு போபோடித் தெருவுல கேரம் ஆடினவன்தானே நீ?

14-1-96
பூசைக்குப் போனேன். யார் முகத்தையும் பார்க்கலை.

29-1-96, திங்கள்
ரெண்டு பஸ் மாறி பாஷாணில் இருக்கிற உன் ஆபீஸுக்குப் போனேன். ரேடார் படத்தைப் பார்க்கிறது பார்கவின்னு ஒரு கோயமுத்தூர்ப் பொண்ணு. "சவரிமுத்துவோட அம்மாங்களா, உட்காருங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தாள். மேலே இருந்து அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்குமாம். மேகம் மறைச்சாலும் பரவாயில்லையாம். ஒரே இடத்தை ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தால் விரல்கடை நகர்ந்தாலும் தெரிஞ்சுடுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுட்டேன். "காலைல எங்க வீட்டுத் தேங்காய் எண்ணெய் இறுகிக் கிடந்திச்சும்மா. மே மாசம்னா தண்ணியா ஓடும். உங்க பனி மட்டும் எந்நேரமும் ஒரே வேகத்துலயா போவும்?"

சிரிச்சாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டாள். "எங்ககிட்ட இருக்கிற படம் குளிர்காலத்துதுங்க. உருகின தண்ணி அடியில போச்சுன்னா பனி வழுக்கும், வேகம் கூடும். ஆனா மூணு மடங்கு கூடுமான்னு தெரியலைங்க."

நீ அங்கே இருந்த செப்டம்பர் மாசத்துப் படம் வெளிநாட்டிலிருந்து டேப்பில் வரணுமாம். அதுவரை ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்லுதேன் என்றாள்.

பஸ்ஸில் நினைச்சுக்கிட்டே வந்தேன். டேப் வரணும்னு வேண்டணுமா, வரக்கூடாதுன்னு வேண்டணுமா?

11-2-96, ஞாயிறு
உங்கப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிட்டார். "செத்தவனை எதுக்குட்டி பரீட்சை எழுத வைக்கே? டேப் வந்து அவன் பொய்யன்தான்னு சொல்லிச்சுன்னா தாங்குவியா?"

"நீங்க தாங்குவீங்களா?"

சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "இன்னைக்குத் தண்ணி வராது அத்தைன்னுட்டுப் போவான் பாரு! அவன் பேச்சை நம்பி எத்தனை நாள் வெறுங்குடத்தோட இருந்திருக்கேன்." சிரிச்சேன். சிரிச்சு முடிக்கும் முன்னே அழுகை வந்துட்டு.

8-3-96
டேப் வரலை. 25-ம் தேதி ரிப்போர்ட் போயாகணுமாம்.

21-3-96, வியாழன்
டேப் வந்துட்டு. ஆபீஸுக்குப் போனேன், கிருஷ்ணஸ்வாமி சாரும் இருந்தார்.

கம்ப்யூட்டரில் சோப்பு நுரை மேலே தெரியுமே, அது மாதிரி கலர் கலராய் வளையம். நகராத பாறையிலிருந்து வளையத்தை எண்ணிக்கிட்டே போனால் அந்தந்த இடத்து வேகம் தெரியுமாம். பார்கவி எண்ணினாள். நான் ஜெபமாலையைப் பிடிச்சிருந்தேன். முதல் கம்பு, நீ எழுதினது சரி. ரெண்டாவது சரி. மூணாவது, நாலாவது — சரி! கிருஷ்ணஸ்வாமி சார் எழுந்து நின்னார். "மன்னிச்சுக்கோங்கம்மா, நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்."

அஞ்சாவது சரியில்லை.

கம்பெல்லாம் பனியாற்றுக்குக் குறுக்கே வரிசையா நட்டது, அஞ்சாவது எதிர்க்கரை ஓரம். ஓரத்துப் பனி பாறையை உரசிக்கிட்டு மெதுவாத்தான் வருமாம். படத்திலும் ஒரு மீட்டர்தான். பார்கவி உன் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினாள். இத்தனை நாளும் ஆபீஸில் பூட்டி வச்சிருந்த நோட்டு. நாலாவது கம்புக்கு எழுதின அளவையே அஞ்சாவதுக்கும் எழுதியிருக்கே. அவ்வளவு தூரம் யாரு நடக்கன்னு சலிச்சுக்கிட்டியா? பொய்தான், சோட்டு. எனக்குத் தெரியும் உன்னை.

ஆனா அந்த ஒண்ணை மட்டும் அடிச்சிருக்கே. நேரா ஒரு கோடு. பக்கத்தில் வேற அளவு எழுதலை. அந்தத் தாளில் போட்டிருந்த தேதி செப்டம்பர் 17, நீ விழுந்த நாள்.

பார்கவி மெதுவாச் சொன்னாள். "அஞ்சாவது கம்புக்குப் போற வழியிலதாங்க அவரை எடுத்தாங்க. அடிச்சுட்டு, நிஜமாவே அளக்கக் கிளம்பியிருக்கார்."

22-3-96, வெள்ளி
உங்கப்பாகிட்ட எல்லாம் சொன்னேன். "எம் மவன்ட்டி" என்று வாசலில் நின்னு சத்தமாச் சொன்னார். எங்க லைன் வீடு முழுக்கச் சொல்லிட்டு வந்தார். ரிப்போர்ட்டில் உன் பேரும் வருமாம்.

என்னால சந்தோஷப்பட முடியலை. நீ ரயில் ஏறின அன்னைக்கு ஜன்னல் வழியா உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே சொன்னேன், அங்க போயாவது பொய் சொல்லாம இருல என்று. நீ சிரிச்சே.

அந்தக் கோட்டைப் போடும்போது என்னையா நினைச்சே, சோட்டு?