கிராக்குக்குத் தட்டிய கை

என் பாசத்துக்குரிய தருமா மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. கோயில் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "அரசியல் மட்டும் வேணாம் அங்கிள்" என்றும் சொன்னார்கள். அரசியல் இல்லாமல் உன்னைப் பற்றி என்ன எழுதுவது? உப்பில்லாமல் மீன் குழம்பு வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அதனால் உன்னைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தை யாரும் திருத்த மாட்டார்கள் அல்லவா?

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த கடைசிக் கூட்டம் நீயும் நானும்தான். உன் தங்கை, என் வீட்டுக்காரி கமலாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. ஆகவே அவளைப் பற்றியும் நான் தைரியமாக எழுதலாம். மலரில் தமிழ்ப் பக்கத்தை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது மாரியம்மனுக்கே வெளிச்சம்.

ஊர்ச் செய்தி முதலில். லவுத்தோக்காவில் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. கரும்பு ரயில் நம் வீட்டுக்குப் பின்னால் அதே சத்தத்தோடு போகிறது, பிள்ளைகள் அதே மாதிரி ஓடிப்போய்க் கரும்பை உருவுகிறார்கள். உன் டாக்ஸியைப் பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரன் சேமி வாங்கிக்கொண்டான். பயணி ஏறியதும் நீ எந்தக் கட்சி என்று கேட்பாய், சேமி மீட்டரைப் போடுகிறான். வருமானம் அவனுக்குத்தான் கூடுதல். கிராக் விலை நீ இருந்த காலத்தைவிட ஏறிவிட்டது. அந்த விஷயத்தில் நீ தப்பித்தாய்.

இந்த மலர் வெளிநாட்டுக்கும் போகும் என்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கிராக் என்றால் சாராயம் இல்லை. யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து, பெரிய மரச்சட்டியில் வைத்து, பிலோ என்கிற தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுப்பது. பிலோ நம்மிடம் வந்தால் ஒரு முறை கை தட்டி வாங்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று தட்டு தட்ட வேண்டும். ஃபிஜிக்காரர்களிடம் நம் ஆட்கள் கற்றுக்கொண்ட மரியாதை அது. பிலோ உன் கையில் இருக்கும்போது எதிரே இருப்பவன் என்ன உளறினாலும் குறுக்கே பேசக்கூடாது.

அந்த மரியாதையை உன்னைப் போல் தவறாகப் பயன்படுத்தியவன் இந்தத் தீவில் இல்லை மச்சான். எனக்கு மறுப்புச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் என் பிலோவை விளிம்புவரை நிரப்பி நீட்டுவாய். "மொதல்ல இத குடி மாப்புள, அப்புறம் சொல்றேன்." நான் குடிக்க ஆரம்பித்ததும் உன் கட்சியின் நியாயத்தை எல்லாம் கொட்டிவிடுவாய். நான் மூன்று தட்டு தட்டி முடிப்பதற்குள் நீ ஜெயித்தவனைப் போல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய்.

ஆட்சிக் கவிழ்ப்பை நாம் எல்லோரும் 'கூ' என்றுதானே சொல்வோம். முதல் கூ வந்தபோது ரேடியோவில் செய்தி நின்று பாட்டு மட்டும் ஓடியது. ரோட்டில் சிப்பாய்கள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் அரிசி இல்லை, சேமியின் அம்மா வேலிக்கு மேலாக மரவள்ளிக் கிழங்கு நீட்டினாள். நீயும் நானும் என்ன செய்தோம்? இந்த வினை யாருடைய கட்சியால் வந்தது என்று அடித்துக்கொண்டோம். கமலா கிழங்கை வேகவைத்து இரண்டு பேர் வாயையும் அடைத்தாள்.

அதற்கப்புறம் ஊர் காலியாக ஆரம்பித்தது. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். எத்தனை குடும்பங்களை உன் டாக்ஸியில் ஏற்றி நாந்தி விமான நிலையத்தில் இறக்கிவிட்டாய். அடுத்த கூவுக்குப் பிறகு உன் ஒரே மகன் சுரேஷையும் அதே டாக்ஸியில்தான் பிரிஸ்பேனுக்கு அனுப்பினோம். திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். வழிநெடுக நீ கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அன்றைக்குப் பிறகுதான் நம் பெரிய சண்டை பிறந்தது. வெளிநாட்டுக்குப் போனவனுக்கு இங்கே ஓட்டு இருக்கலாமா? இருக்க வேண்டும் என்றாய் நீ. விரும்பியா போனார்கள், விரட்டியல்லவா அனுப்பினார்கள் என்பாய். இங்கே வரி கட்டுகிறவன்தான் இங்கே ஓட்டுப் போட வேண்டும் என்றேன் நான். சட்டம் உன் பக்கம் சேர்ந்து அவர்களுக்குத் தபால் ஓட்டுக் கொடுத்த பிறகும் நான் விடவில்லை. தேர்தல் நாளில் மட்டும் ஒரே டாக்ஸியில் போவோம். உன் ஓட்டை நான் கழித்துவிடுவேன், என் ஓட்டை நீ கழித்துவிடுவாய். "ரெண்டு பேரும் வீட்லயே இருந்தா பெட்ரோலாவது மிஞ்சும்" என்று கமலா ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னாள். நாம் கேட்டோமா?

இனிதான் உனக்குத் தெரியாத கதை.

நீ போன சில மாதத்தில் தேர்தல் வந்தது. என் கட்சி வேட்பாளர் நம் பக்கம் கூட்டம் போட்டார். வழக்கம் போல அவருக்குக் கிராக் வைத்து, பாயில் உட்காரவைத்துப் பேசச் சொன்னோம். அவர் என்ன பேசினார் தெரியுமா? வாட் வரியை ஏற்றித்தான் ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் காசு ஏது என்கிறார். என் சொந்தக் கட்சிக்காரர். எழுந்து எதிர்த்துக் கேட்கலாம் என்று பார்த்தால், சரியாக அந்த நேரத்தில் பிலோ என் கைக்கு வந்துவிட்டது. குடித்தேன். மூன்று தட்டு தட்டினேன்.

யாரோ ஒருவர் அதை ஃபோனில் எடுத்து உன் மகனுக்கு அனுப்பிவிட்டார். சுரேஷ் பகலில் கிடங்கு வேலை பார்க்கிறான், சாயங்காலம் இணையத்தில் ஃபிஜி அரசியல் பேசி வீடியோ போடுகிறான். அது நீ இருக்கும்போதே தெரியும். நீ அவன் பேசுவதை எல்லாம் பார்த்துப் பூரித்துப் போவாய். அந்தப் பையன் என்ன செய்தான் என்றால், வீடியோவில் கீழே இருந்த சட்டியை வெட்டினான். பிலோவை வெட்டினான். அவர் வாட் என்கிறார், நான் கை தட்டுகிறேன், அவ்வளவுதான் மிச்சம். மேலே தலைப்பு: "வரி ஏற்றத்துக்குக் கை தட்டும் லவுத்தோக்கா மாமா."

ஃபிஜியிலும் பார்த்தார்கள், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் நம் ஆட்களும் பார்த்தார்கள். கிராக் சட்டியையே கண்டிராத பிள்ளைகள் எனக்குப் புத்தி சொன்னார்கள். என்னை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்தையில் கத்தரிக்காய்க்காரி, "அங்கிள், ஒங்களுக்கு மட்டும் வாட் சேத்துப் போடட்டா?" என்றாள். அவளிடமாவது சிரித்துவிட்டு வந்தேன்.

கமலாவால் சிரிக்க முடியவில்லை. சுரேஷைக் கூப்பிட்டாள். "உங்க மாமா எதுக்குக் கை தட்டுனாருன்னு உனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டாள். அவன், "அத்த, அது சும்மா கிளிப்பு. எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க" என்றானாம். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவனும் அப்புறம் கூப்பிடவில்லை. உன் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவன் மாதாமாதம் அனுப்பும் பணம் மட்டும் தவறாமல் வந்தது. அவள் வீட்டைக் கூட்டித் துடைத்து, கரண்ட் பில் கட்டி, மீதிக்கு உன் படத்துக்கு விளக்கேற்ற எண்ணெய் வாங்கினாள். அண்ணனும் போய், அண்ணன் பிள்ளையும் போனால் ஒருத்தி என்ன செய்வாள் சொல்.

எனக்கு வந்த வருத்தம் வேறு. தேர்தல் நாளில் சேமியோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் ஓட்டைக் கழிக்க ஆளில்லை. அது அப்படியே எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் உன் வருஷத் திதி. மகன் வராமல் எப்படி நடக்கும்? வந்தான். ஆனால் நாந்தியில் ஹோட்டலில் இறங்கியிருந்தான். கமலா அதைக் கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். திதி முடிந்து சாப்பாடும் முடிந்தது. பெண்கள் உள்ளே போனார்கள், ஆண்கள் வழக்கம் போல மாமரத்தடியில் பாய் விரித்தோம். உன் மகன் பாயின் ஓரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு மணி விமானத்தைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஒரு அவசரம் முகத்தில். விமானமோ மறுநாள்தான்.

சேமி கிராக் கரைத்தான். இறந்தவருடைய மகன் என்று முதல் பிலோவை சுரேஷிடம் நீட்டினான். அவன் ஃபோனைக் கீழே வைத்து, ஒரு தட்டு தட்டி, வாங்கிக் குடித்தான். குடித்து முடித்ததும் கை தன்னாலே போய்விட்டது மச்சான். மூன்று தட்டு. பளீர் பளீர் என்று, நீ தட்டுவது மாதிரியே.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டேன்: "எந்த வரிக்குடா கை தட்டுற?"

சேமிக்கு இந்தி தெரிந்த அளவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். சுரேஷ் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

"மாமா, நான் அத எடுத்துடுறேன்."

"எடுக்காத. முழுசையும் போடு. சட்டி தெரியணும்."

"முழுசா போட்டா யாரும் பாக்க மாட்டாங்க மாமா." ஃபோனில் காட்டினான். பொறுமையாக, இரண்டு பக்கமும் விசாரித்து, வாட் வரி எப்படி வேலை செய்கிறது என்று அவன் பேசிய ஒரு வீடியோ. நன்றாகவே பேசியிருந்தான், ஆனால் பார்க்க நாதியில்லை. "கோவமா பேசுனா ஓடுது. திட்டுனா இன்னும் ஓடுது. ஓடுனாத்தான் பைசா. மொதல்ல பைசாவுக்குன்னு நெனைக்கல மாமா. அங்க வீட்டுக்கு வந்தா பேச ஆளில்ல. இதுல ஆளுங்க வந்தாங்க." பாதி இந்தியிலும் பாதி தமிழிலுமாக இவ்வளவும் சொன்னான். எனக்கு உன் டாக்ஸியில் அன்று திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. அவன் உன்னைவிட நீண்ட தூரம் அப்படி மௌனமாகப் போயிருக்கிறான் போலிருக்கிறது.

முழு வீடியோவை அங்கேயே பாயில் உட்கார்ந்து ஏற்றினான். சட்டி, பிலோ, நான், என் தொப்பை எல்லாம் தெரிந்தது. இன்று வரை அதை நம் குடும்பமும் கத்தரிக்காய்க்காரியும்தான் பார்த்திருக்கிறோம். போதும்.

அதோடு முடிந்திருக்கும். நான்தான் சும்மா இருக்க மாட்டாமல், "இங்க வரி கட்டாதவனுக்கு எதுக்குடா ஓட்டு, எதுக்கு இத்தன பேச்சு?" என்று ஆரம்பித்தேன். அவன் சேமி கையிலிருந்த பிலோவை வாங்கினான். சட்டியில் மொண்டான். விளிம்புவரை நிரப்பி என்னிடம் நீட்டினான்.

"மொதல்ல இத குடிங்க மாமா. அப்புறம் சொல்றேன்."

என்னால் என்ன செய்ய முடியும்? தட்டி வாங்கிக் குடிக்க ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. "நான் அனுப்புற பைசாவுல அத்த வாங்குற ஒவ்வொரு சாமானுக்கும் வாட் போவுதா இல்லயா? எங்கப்பா வீட்டு லைட்டுக்குப் போவுதா? அப்ப நானும் இங்க வரி கட்டுறவன்தான். ஓட்டுக் குடுக்க ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

இத்தனை வருஷம் சண்டை போட்டாயே, இந்த நியாயம் உனக்குத் தோன்றியதா? மூன்று தட்டு தட்டிவிட்டுப் பார்க்கிறேன், அவன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

கமலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரம், முந்தானையில் துடைக்கவில்லை. "அண்ணா வந்து பேசுற மாதிரி இருந்திச்சி" என்றாள். பிறகு சுரேஷிடம், "ஹோட்டல்ல இருக்கற பெட்டிய சேமிகிட்ட சொல்லி எடுத்தாறச் சொல்லு" என்றாள். அன்று அவன் உன் கட்டிலில் தூங்கினான்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன் மச்சான். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போய்க்கொண்டே இருந்தார்கள். அதைவிடக் கொடுமை எனக்கு எதுவுமில்லை என்பது உனக்குத்தான் புரியும்.

இதுவரை தபால் ஓட்டுக்கூடப் போடாதவன், அடுத்த தேர்தலுக்கு நேரிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். சேமியிடம் கேட்டு, உன் பழைய டாக்ஸியில் என் பக்கத்தில் அவனை உட்காரவைத்து நானே கூட்டிப்போவேன். அவன் உன் கட்சிக்குத்தான் போடுவான். தெரியும். என் ஓட்டை அவன் கழிக்கட்டும். வீட்டுக்கு வந்து நிம்மதியாக மத்தியானச் சோறு சாப்பிடுவேன்.

உன் தங்கையைக் கட்டிய நாள் முதல் உன்னிடமும், இப்போது உன் மகனிடமும் தோற்றுக்கொண்டிருக்கிற,
உன் மாப்பிள்ளை பெருமாள்