அனார்குல் போட்ட தோடு

அக்டோபர் 2

கடைசிச் சாக்கு உருளைக்கிழங்கும் நிலவறைக்குள் போயிற்று. மகள் சாய்கல்தான் தூக்கினாள். போன வருடம் சாக்கின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் "நகரும்மா" என்கிறாள்.

குளிர்காலக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கை, மணிக்கட்டுக்கு வெகு மேலே நின்றுவிட்டது. பதினாறு வயது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடி பனியில் வை, உறைய உறையப் பெருகுவது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால் பாட்டில் உடைந்திருக்கும். பெண் வளர்வதும் அப்படித்தான்.

கால்நடை மருத்துவம் படிக்க வேண்டுமாம், தலைநகர் பிஷ்கெக்கில். இன்றைக்கும் சொன்னாள். படி என்றேன்.

அக்டோபர் 5

எங்கள் நாள். ஓய்வு பெற்ற பிறகும் ஆசிரியர் தினத்துக்குப் பழைய பிள்ளைகள் வராமல் இருப்பதில்லை. கேக்குகள், சாக்லேட் டப்பாக்கள், தலைத்துணிகள். ஆசிரியைக்குத் தலைத்துணியைத் தவிர வேறு என்ன கொடுக்கலாம் என்று இந்த ஊருக்கு இன்னும் தெரியவில்லை.

மதியம் அனார்குல் வந்தாள். என் பௌதிக வகுப்பில் எப்போதும் கடைசி. இன்று ஊரிலேயே பெரிய மந்தை அவளுடையது. ஒரு வெள்ளைத் துணியை என் தலையில் தானே கட்டிவிட்டாள். பிறகு சாய்கலை அருகில் கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளித் தோடு எடுத்து அவள் காதில் போட்டாள். சிவப்புக் கல், பழைய வேலைப்பாடு.

"டீச்சர் பொண்ணு வெறுங்காதோட இருக்கலாமா?" என்றாள்.

"எதுக்குடி இவ்வளவு செலவு? நல்லா இரு" என்றேன் நான். ரொட்டி, ஜாம் எல்லாம் எடுத்து வைத்தேன். மூன்று கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 6

சாய்கல் தோட்டைக் கழற்றாமலேயே தூங்கியிருக்கிறாள். கன்னத்தில் அச்சு.

அக்டோபர் 11

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது. விழட்டும்.

கடையில் உப்பு வாங்கப் போனேன். கடைக்காரி பாத்மா, "வாழ்த்துகள் டீச்சர், பரம ரகசியமா வச்சிட்டீங்களே" என்றாள். என்னடி ரகசியம்? "தோடு போட்டாச்சாமே! அனார்குல் மகன் தாலாய்க்கு. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் ஜூன்ல கல்யாணம்னு அவளே சொன்னா."

உப்பை வாங்காமலே வந்துவிட்டேன்.

பெண்ணைப் பேசி முடிக்கத் தோடு போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கே போட்டார்கள். சம்பந்தியின் தலையில் வெள்ளைத் துணி கட்டுவதும் தெரியும். ஆனால் அன்று ஆசிரியர் தினம்! அன்று யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதுதான் வழக்கம். அந்த நாளைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் படுபாவி. கேட்டால் நான் யோசிப்பேன், யோசித்தால் மறுப்பேன் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். பௌதிகத்தில் கடைசியா அவள்? என் வீட்டில் என்னையே தோற்கடித்துவிட்டாளே.

நானும் "நல்லா இரு" என்றேனே!

அக்டோபர் 12

என் கணவரின் அண்ணன் இசாபெக் வீட்டுக்குப் போனேன். கணவர் போன பிறகு எங்கள் குடும்பத்துக்கு இவர்தான் பெரியவர். அத்தான், இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். மனிதர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"செப்டம்பர்லயே அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. ஆட்டுத்தலையை என் முன்னாடி வச்சாங்க. சம்மதம்னு வெட்டிச் சாப்பிட்டேன். தலையைச் சாப்பிட்டவன் வார்த்தை மாறலாமா?"

"என் பொண்ணைக் குடுக்கிறதுக்கு உங்க வாய் சாப்பிடுமா?"

"உன் பொண்ணு மட்டுமா? என் தம்பி பொண்ணு. ஒவ்வொரு விருந்துலயும் தலையில இருக்கிற காதை வெட்டி யாருக்குக் குடுத்தேன்? இவளுக்குத்தானே. பெரியவங்க பேச்சு காதுல விழணும்னுதானே குடுத்தேன். படிப்பாம் படிப்பு. ஆட்டுக்கு ஊசி போடப் பட்டணம் போகணுமா?"

எழுந்து வந்துவிட்டேன். கிளம்பும்போது வழக்கத்துக்குப் பிய்த்து வாயில் போடும் ரொட்டியைக்கூடத் தொடவில்லை. அவர் மனைவி கதவுவரை ரொட்டித் தட்டோடு ஓடி வந்தாள்.

அக்டோபர் 13

சாய்கலிடம் சொன்னேன்.  கை காதுக்குப் போயிற்று.

"தாலாயா? அந்தக் குதிரைக்காரனா?" என்று சிரித்தாள்.

சிரிக்கிறாள்! கழற்று என்றேன். கழற்றவில்லை. வகுப்பில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்களாம். கண்ணாடி முன்னால் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்க்கிறாள்.

அடிக்க வேண்டும்போல் இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை நான்.

நவம்பர் 9

தோட்டை ஒருவழியாகக் கெஞ்சி வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு அனார்குல் வீட்டுக்குப் போனேன். உள்ளே நாலைந்து விருந்தாளிகள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சம்பந்தி! மேல வந்து உக்காருங்க" என்று எல்லோர் எதிரிலும் கத்தினாள். கைக்குட்டையை நீட்டினேன். தொடவே இல்லை.

"போட்ட கையால நான் திருப்பி வாங்க மாட்டேன் டீச்சர். வேண்டாம்னா கிணத்துல போடுங்க. உங்க பொண்ணைத் தள்ளி வச்சாங்கன்னு ஊரு பேசும். என்னைப் பேசாது."

தாலாய் மூலையில் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்று வயதுக் கடா. ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

தோடு திரும்ப என்னோடேயே வந்தது. சாய்கல் என் கையைப் பார்த்தாள். எடுத்துப் போட்டுக்கொண்டாள்.  

டிசம்பர் 14

அனார்குல் வீட்டில் விருந்தாம். "மருமகளை அனுப்புங்க, தேநீர் ஊத்தணும்" என்று ஆள் வந்தது. போகாதே என்றேன். போனாள். போய்த்தான் பார்க்கிறேனே என்கிறாள். பதினாறு வயதுக்கு எல்லாம் வேடிக்கை!

மாலை திரும்பி வந்தாள். மண்டியிட்டு ஊற்றியதில் முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள்.

"அக்கான்னு கூப்பிட்டேன். அக்கா என்ன அக்கா, அத்தைன்னு கூப்பிடு, இப்பவே பழகிக்கோன்னாங்க."

"கூப்பிட்டியா?"

"இல்ல. ஒண்ணுமே கூப்பிடாம ஊத்தினேன்."

நன்றாகத் திட்டினேன். சூடாக எண்ணெய் தடவி முழங்காலையும் தேய்த்துவிட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜனவரி 20

பனி. கோபம். வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 15

கல்யாண நாள் குறிக்க அனார்குலும் அத்தானும் சேர்ந்தே வந்தார்கள். என் வீட்டில், என் விரிப்பில் உட்கார்ந்து, ஜூன் முதல் வாரமா இரண்டாம் வாரமா என்று பேசினார்கள். நடுவில் நான் கம்பம் மாதிரி.

பாதிக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். அனார்குல் கிண்ணத்தை வழிய வழிய ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். அத்தானின் முகம் கறுத்தது.

அனார்குல் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்து, வெறுங்கிண்ணத்தை நீட்டினாள்.

"நல்லா இருக்கு டீச்சர். இன்னொண்ணு ஊத்துங்க."

அத்தான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் ஊற்றினேன். ஆமாம், ஊற்றினேன்!

மார்ச் 12

ஆடுகள் ஈனும் காலம். காலையில் தாலாயே குதிரையில் வந்து நின்றான். அவர்கள் ஆடு ஒன்றுக்குக் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, சாய்கல் வர முடியுமா என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம். சாய்கல் கோட்டைக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கை முழங்கைவரை உள்ளே. கண்ணை மூடிக்கொண்டு, எதையோ காதால் கேட்பதுபோல் முகம். திருப்பினாள், இழுத்தாள். குட்டி வந்தது, ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது மூச்சுவிடவில்லை, பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றினாள், மூக்கில் ஊதினாள். தும்மியது.  இவளா என் பிள்ளை? போன வருடம்வரை ஒரு சாக்கைத் தனியாகத் தூக்க முடியாதவள்.

அனார்குல் கைதட்டினாள். "பாத்தீங்களா டீச்சர், எல்லாம் இப்பவே தெரியுதே இவளுக்கு! இதுக்கு எதுக்கு அஞ்சு வருஷப் படிப்பு? எங்க மந்தையிலயே வச்சுக்கலாம்."

சாய்கல் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அக்டோபரிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த முகம் அது. என் கோபம் அங்கே இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து தோட்டை மறுபடி போட்டுக்கொண்டாள். ஏன்டி என்றேன். "தொலைஞ்சிடும்மா" என்றாள்.

மார்ச் 21

நூரூஸ். வசந்தப் புத்தாண்டு. தெருமுனையில் பெரிய கொப்பரை. முளைகட்டிய கோதுமைக் கஞ்சியைக் கிண்டி இறக்கி, பெண்கள் எல்லோரும் கிண்ணத்தோடு சுற்றி நின்றோம். அகப்பை அனார்குல் கையில், வேறு யார் கையில் இருக்கும்? இரண்டு கையும் முழங்கைவரை பிசுபிசுப்பு. ஜூன் கல்யாணத்துக்கு எத்தனை கூடாரம் போடுவது என்று பாத்மாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். அடுப்புச் சூட்டில் உலோகம் காதைச் சுடும் என்று அன்று தன் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். சூடு உலோகத்தில் எப்படி ஓடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

சாய்கல் அவள் பக்கத்தில் போனாள். "அக்கா, கொஞ்சம் குனியுங்க."

ஏதோ முடியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பாள். குனிந்தாள். சாய்கல் தன் காதிலிருந்து ஒரு தோட்டைக் கழற்றி அவள் காதில் மாட்டினாள். மற்றதையும் மாட்டினாள். அனார்குல் கையைத் தூக்கினாள். கை முழுக்கக் கஞ்சி, பிடிக்க முடியவில்லை.

"ஆசிரியர் தினத்துக்கு எங்க அம்மாவுக்கு மரியாதை செஞ்சீங்க. இன்னைக்கு நூரூஸ். எங்க வீட்டு மரியாதை உங்களுக்கு. இந்தக் கல்லு உங்க முகத்துக்குத்தான் பொருத்தம் அக்கா."

சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவு.

 பாத்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்: "நல்ல நாள்ல குடுத்ததை மறுக்கக் கூடாது அனார்குல். வாழ்த்திட்டு வாங்கிக்கோ."

அனார்குலின் கழுத்தெல்லாம் சிவப்பு. "நல்லா இரும்மா" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? நானும் அதைத்தானே சொன்னேன்.

நான் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில், இந்த இடுப்போடு. அன்று அவள் என் தலையில் கட்டிவிட்டு, அலமாரி அடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து அனார்குலின் தோளில் போர்த்தினேன்.

திரும்பி வரும் வழியில் மகளிடம் சண்டை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா முந்தின நாளே நீ ஊர் முழுக்கக் கத்தியிருப்பே."

உண்மைதான். அதற்கும் கோபம் வந்தது.

மார்ச் 22

அத்தான் வாசலில் நின்று கத்தினார். அவமானமாம். தலையைச் சாப்பிட்டவர் அவராம். "சாப்பிட்ட நீங்களே அந்த வீட்டுக்கு மருமகளாப் போங்க" என்றேன். அடுத்த வீட்டில் யாரோ சிரித்தார்கள். கேட்டை அறைந்துவிட்டுப் போனார்.

மே 25

பள்ளிப் படிப்பு முடிந்தது, கடைசி மணி அடித்தார்கள். சாய்கல் வெள்ளை ரிப்பனோடு நின்றாள். வெறுங்காது.

ஜூலை 30

கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டது. தாலாய் கடை வாசலில் என்னைப் பார்த்து, "சாய்கலுக்கு வாழ்த்து சொல்லுங்க டீச்சர்" என்றான். இரண்டாவது வாக்கியம். குனியாமல் சொன்னான்.

ஆகஸ்ட் 27

நாளைக் காலை வண்டி. அத்தான் வருவாரா மாட்டாரா என்று இருந்தது. வந்தார், ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி பொண்ணு வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று ஆட்டிடம் சொன்னார்.

தலையை அவர் முன்னால் வைத்தோம். கத்தியை எடுத்தார். வழக்கம்போல் முதலில் காதை வெட்டினார். வழக்கம்போல் சாய்கல் பக்கம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள், சின்னப் பிள்ளையில் ஏந்துகிற மாதிரியே.

அத்தானின் கை பாதி வழியில் நின்றது. அவர் அந்தக் காதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

கோட்டு இந்த வருடமும் கை எட்டவில்லை. புதிது வாங்கச் சொன்னேன், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். குளிரில் விறைக்கட்டும்.

கீழ்விளிம்பைப் பிரித்துக் கோட்டின் கைக்கு ஒட்டுப் போட உட்கார்ந்திருக்கிறேன்.