சொன்னால் கேட்காத பிள்ளை

அன்பு மகளுக்கு, உன் அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம், மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே இரண்டாலும் சுகமாக இருக்க வேண்டும். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன், மாமா உக்காந்து சொல்லுங்க, பேனாவைத் தூக்கிட்டு உங்க பின்னாடி ஓட முடியாது என்கிறாள் உன் அண்ணி, அதையும் எழுது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ படம் தெரியும் போனில் வந்தாய், உன் மகள் மிளகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓடிப்போனாள், நீ அழுதாய், பெத்தவளையே மறந்துட்டா, போதாக்குறைக்கு ஆராய்ச்சின்னு எவனோ வந்து நோண்டுறான், எம்பொண்ணு என்ன சோதனை எலியா, அவ பேரை எடுங்க முதல்ல என்று போனை வைத்தாய். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பேசி அனுப்புங்கப்பா என்று உன் அண்ணன் போனை நீட்டினான், என் பேச்சை நீ பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால்தான் இந்தத் தாள், அவன் படம் பிடித்து அனுப்புவான், கடைசிவரை படி. வருகிற வெள்ளிக்கிழமை மிளகுக்குக் காதில் ஒரு சின்ன அறுவை செய்ய வேண்டும். பெற்றவள் நீ சரி என்றால்தான் செய்வார்கள்.

பதறாதே, முதலிலிருந்து சொல்கிறேன். மிளகு போகும் பாலர் பள்ளிக்கு வந்த அந்த ஆராய்ச்சிக்காரர்கள், பள்ளிக்கூட வயது ஆகாத பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், யாரோடு சேர்கிறார்கள், எதற்கு அடம்பிடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறவர்கள், பெரிய பள்ளிக்குப் போன பிறகும் இதே பிள்ளைகளைத் தேடி வந்து பார்ப்பார்களாம். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. எடை போட்டு, உயரம் அளந்து, பல்லைப் பார்த்து, மாட்டுச் சந்தையிலகூட இவ்வளவு பார்க்க மாட்டாங்களே என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன், தாத்தா அங்கயே நின்னீங்கன்னா உங்களையும் அளந்துருவாங்க, ஓரமாப் போங்க என்றாள் டீச்சரம்மா. அவளுக்கும் மிளகு மேல் மனத்தாங்கல் இருந்தது, கதை சொல்லும்போது எழுந்து ஓடுகிறாளாம், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறாளாம். பிறகு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்தாள், சின்ன வயசு, மெல்லிய குரல், கேள்வி மேல் கேள்வி. கடைசியில், குழந்தைக்கு நல்லாக் கேட்குமா தாத்தா என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம், அன்று காலையில்தான் வாளித் தண்ணீரைக் கவிழ்த்திருந்தாள். இவளா, ஒண்ணும் கேட்க மாட்டா, தொண்டை கிழியக் கத்தணும் என்றேன். எப்பலேருந்து என்றாள். பொறந்ததுலேருந்தே, அவ அம்மாவும் கேட்க மாட்டா, எங்க வம்சத்துலயே யாரும் கேட்க மாட்டோம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது, குனிந்து எழுதினாள், போகும்போது என் தோளைத் தொட்டு, வாயை அகலமாகத் திறந்து, போயிட்டு வர்றேன் தாத்தா என்று கத்தினாள். அடங்காத பிள்ளை என்று நான் சொன்னதை அவள் குடும்பமே செவிடு என்று எடுத்துக்கொண்டாள் என்பது, காது பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. உன் அண்ணன் தரையில் புரண்டு சிரித்தான். சோதனைக்குக் கூட்டிப் போனது கேலியாகத்தான், சும்மா காட்டிவிட்டு வரலாமென்று.

அங்கே போன பிறகு யாரும் சிரிக்கவில்லை அம்மாடி. காதில் கவசத்தை மாட்டி, சத்தம் வரும்போது கட்டையைக் கூடையில் போடு என்றார்கள், கட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறவிக் கோளாறு இல்லை என்கிறார் காது டாக்டர், இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சளியால் வருவதாம். போன மழைக்கு மூக்கு ஒழுகிக் கிடந்தாளே, அது விட்ட பிறகுதான் டிவியை அலறவிட ஆரம்பித்தாள், தண்ணியை அண்ணி என்று சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன்னை மாதிரியே அவளும் அண்ணி அண்ணி என்கிறாள் என்று நாங்கள் சிரித்தோம், உன் அண்ணியும் ஆசையாக ஓடி ஓடி வந்தாள், பிள்ளை கேட்டது தண்ணீர். என் குரல் மர அறுவை மில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஊறிய குரல், அது மட்டும் அவளுக்கு எட்டிக்கொண்டிருந்தது, அதனால் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. தானாக வற்றுகிறதா என்று சில மாதம் பார்த்தார்கள், உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது தூரத்தில் இருந்து துடிப்பாயே என்றுதான், வற்றவில்லை. மயக்கம் கொடுத்து, சவ்வில் குருணை அளவில் ஒரு குழாய் வைத்தால் நீர் இறங்கிவிடும், குழாய் பிறகு தானாக விழுந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார். மயக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்த நடை. ஆனாலும் செய்ய வேண்டும் என்றே எனக்குப் படுகிறது, பேச்சுப் படிகிற வயசு, தள்ளக்கூடாது. ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுப்பது உன் இஷ்டம், அந்தப் பெண்ணே சொன்னாள், எப்ப வேணா எடுத்துக்கலாம் தாத்தா, ஆனா இதுக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமில்ல, வைத்தியத்தை விட்டுடாதீங்க என்று.

அவள் இன்னொன்றும் சொன்னாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். பிள்ளைகள் தாமாக என்ன விளையாடுகின்றன என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. மிளகு தினமும் ஒரு மரக்கட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறாளாம், வாயை அசைக்கிறாளாம், தலையை ஆட்டுகிறாளாம், சிரிக்கிறாளாம், கட்டைக்கு முத்தம் கொடுக்கிறாளாம், சத்தம் மட்டும் இல்லையாம். யார்கிட்டம்மா பேசறே என்று முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டதற்கு, அம்மாகிட்ட என்றாளாம். அம்மாவோடு பேசுவதென்றால் வாயை மட்டும் அசைப்பது என்று நினைத்திருக்கிறாள் அம்மாடி உன் பிள்ளை. போனில் நீ அப்படித்தானே அவளுக்குத் தெரிந்திருக்கிறாய். இதைச் சொல்லும்போது உன் அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே வேலைக்குப் போகாதே, மாப்பிள்ளையிடமும் பேசி முடிவு செய், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா உன்னைக் கூப்பிடுவாள், தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே. எங்கள் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அந்தப் போனை மட்டும் எடு.

இப்படிக்கு,
கீழே பெருவிரல் ரேகை வைத்திருக்கும் உன் அப்பா